72-ஆம் இடம்: ஓர் ஆய்வுத் தலைப்புக்கு விளக்கவுரை

1996 ஜனவரி மாத 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் மூன்று பக்க ஆய்வுக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர்கள் மைக்கேல் வாஜ்ன்ராய்க், ஜோசப் கெர்ட்னர், மேடலின் ஹார்பிசன், ஸ்ட்ரீம்சன் சுவா, ருடால்ஃப் லைபல் என்னும் ஐந்து ஆய்வாளர்கள். லைபலை, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் ஹார்மோனின் மரபணுவைத் தேடிப் பிடித்த வேலையில் முன்னின்றவர் என்ற முறையில் சிலர் அறிந்திருக்கலாம். உயரம் வளராத இரண்டு இந்தியப் பிள்ளைகளைப் பற்றிய இந்தக் கடிதம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் பார்வையில் இது அதற்குச் சற்றும் குறைந்த வேலை இல்லை.

கடிதத்தின் தலைப்பே ஒரு முழு வாக்கியம். தமிழில் அதை இப்படிச் சொல்லலாம்:

"மனித வளர்ச்சி ஹார்மோன் வெளிவிடு ஹார்மோனின் ஏற்பியில் பாதியில் நிறுத்தும் ஒரு திடீர்மாற்றம், 'லிட்டில்' எலியிடம் காண்பதை ஒத்த வளர்ச்சிக் குறைவை உண்டாக்குகிறது."

உள்ளே இருக்கும் மூன்று பக்கத்தை விட்டுவிட்டு இந்த ஒரு வரிக்கு மட்டும் உரை சொல்லப்போகிறேன். இதன் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் தனித்தனியாக ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. பல ஆய்வுக்கூடங்களின் உழைப்பு இருக்கிறது. வரியை வேகமாக வாசித்தால் அவை ஒன்றும் கண்ணில் படாது.

"மனித வளர்ச்சி ஹார்மோன் வெளிவிடு ஹார்மோன்"

ஹார்மோன் என்று இரண்டு முறை வந்தாலும் இரண்டும் வேறு வேறு பொருள்கள். வளர்ச்சி ஹார்மோன் என்பது 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். மூளையின் அடிப்புறத்தில் ஓர் எலும்புக் குழிக்குள் அமர்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியில் அது உண்டாகிறது. சுரப்பியின் எடை அரை கிராம் அளவுதான். அங்கிருந்து ரத்தத்தில் இறங்கும் ஹார்மோன், கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. கை கால் எலும்புகளின் நுனியருகே மெல்லிய குருத்தெலும்புப் படலம் ஒன்று குழந்தைப் பருவம் முழுக்க இருக்கும். வளர்ச்சி ஹார்மோனும் ஐஜிஎஃப்-1-உம் சேர்ந்து அதில் உள்ள செல்களைப் பெருகச் செய்கின்றன. பெருகிய செல்கள் வரிசையாக அடுக்கி நின்று, பருத்து, எலும்பாக மாறுகின்றன. பிள்ளை வளர்கிறது என்று நாம் சொல்வது, அந்தப் படலத்தில் அன்றாடம் நடக்கும் இந்த வேலையைத்தான்.

வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை. விட்டுவிட்டு, அலை அலையாக வரும். குழந்தைகளிடம் பெரிய அலைகள் இரவின் ஆழ்ந்த உறக்கத்தில் எழுகின்றன. எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்வது பிட்யூட்டரிக்கு மேலே உள்ள ஹைபோதலாமஸ். அங்குள்ள சில நரம்புச் செல்கள் 44 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பெப்டைடைச் சுரந்து, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியாகக் கீழே அனுப்புகின்றன. 'சுரந்து விடு' என்று பிட்யூட்டரிக்குச் சொல்லும் அந்தப் பெப்டைடுதான் வெளிவிடு ஹார்மோன், சுருக்கமாக ஜிஹெச்ஆர்ஹெச். 'நிறுத்து' என்று சொல்வதற்குச் சொமாடோஸ்டாடின் என்ற வேறொரு பெப்டைடு இருக்கிறது.

ஜிஹெச்ஆர்ஹெச் கிடைத்த இடம் யாரும் எதிர்பாராதது. ஹைபோதலாமஸில் அது இருக்கும் அளவு மிக அற்பம். மற்ற ஹைபோதலாமஸ் ஹார்மோன்களைப் பிரித்தெடுக்க ஆயிரமாயிரம் ஆட்டு மூளைகளை அரைத்தவரும், அந்த வேலைக்காக 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவருமான ரோஜர் கியூமன் கூட இதற்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் அது கணையத்தில் கட்டி வந்த நோயாளிகளிடம் கிடைத்தது. வளர்ச்சி ஹார்மோன் மிகையாகி முகமும் கை கால்களும் பருத்துப்போன அக்ரோமெகலி நோயாளிகள் அவர்கள். அவர்களுடைய பிட்யூட்டரி ஓயாமல் சுரந்ததற்குக் காரணம் பிட்யூட்டரியில் இல்லை. கணையக் கட்டி இந்தப் பெப்டைடை ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. 1982-இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் கியூமனின் குழு ஒரு கட்டியிலிருந்தும், அவருடைய பழைய சகாவான வைலி வேலின் குழு இன்னொரு கட்டியிலிருந்தும் அதைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் படித்தன. இயல்பான வளர்ச்சிக்கான திறவு, மிகை வளர்ச்சி நோயில் அகப்பட்டது.

"ஏற்பி"

பெப்டைடு பிட்யூட்டரி செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் வெளிச்சவ்வில் அதற்கென்று ஒரு புரதம் நிற்கிறது. அதைத் தொடுவதோடு பெப்டைடின் வேலை முடிந்தது. அந்தப் புரதந்தான் ஏற்பி. 1992-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கெல்லி மேயோவும், சான் டியேகோவில் மைக்கேல் ரோசன்ஃபெல்டின் குழுவும் இதன் மரபணு வரிசையை வெளியிட்டார்கள். மனிதரிடம் இது 7-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது.

ஏற்பியின் நீளம் 423 அமினோ அமிலங்கள். முதல் 22, புதிதாக உண்டாகும் புரதத்தைச் சவ்வுக்கு வழிகாட்டிக் கொண்டுசேர்க்கும் முனை. சேர்த்த பிறகு அது வெட்டப்பட்டுவிடும். அடுத்து, செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரும்பகுதி. பெப்டைடை முதலில் பற்றுவது இதுவே. அதற்குப் பிறகு புரதம் சவ்வை ஏழு முறை உள்ளும் புறமுமாகத் துளைத்துக் கடந்து, உள்ளே ஒரு சிறு வாலோடு முடிகிறது. குளுக்ககான், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் ஏற்பிகளும் இதே கட்டமைப்புக் கொண்டவை. இன்று எடைக்குறைப்பு ஊசி என்று ஊரெல்லாம் பேசப்படும் செமாக்ளூடைடு தொடுவதும் இதே குடும்பத்து ஏற்பி ஒன்றைத்தான்.

பெப்டைடு பற்றியதும் ஏற்பியின் வடிவம் உள்பக்கமாக மாறுகிறது. அதையடுத்து செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு பெருகுகிறது. அதன் விளைவுகள் மூன்று. சேமித்து வைத்த வளர்ச்சி ஹார்மோன் உடனே வெளியேறுகிறது. புதிய ஹார்மோனைச் செய்வதற்கான மரபணு வேலை முடுக்கப்படுகிறது. மூன்றாவது, ஹார்மோனைச் சுரக்கும் அந்தச் செல் இனமே பெருகுகிறது. பலர் இந்த மூன்றாவதைக் கவனிப்பதில்லை. முன் பிட்யூட்டரியின் செல்களில் கிட்டத்தட்டப் பாதி இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஏற்பி இல்லையென்றால் சுரப்பு மட்டும் குறைவதோடு நிற்காது, சுரப்பியே சிறுத்துப்போகும். உடல் வளர்வதற்கு முன்னால், உடலை வளர்க்கும் உறுப்பு வளர வேண்டும். அதற்கும் இந்த ஏற்பியே பொறுப்பு.

"பாதியில் நிறுத்தும் ஒரு திடீர்மாற்றம்"

டிஎன்ஏ எழுத்துகளை செல் மூன்று மூன்றாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. ஏற்பியின் 72-ஆம் இடத்தில் இருக்க வேண்டியது 'ஜி-ஏ-ஜி'. அதன் பொருள் குளூட்டாமிக் அமிலம். அந்த இரண்டு பிள்ளைகளிடமும் அங்கே 'டி-ஏ-ஜி' என்று இருந்தது. முதல் எழுத்து ஒன்றுதான் மாறியிருக்கிறது. ஆனால் 'டி-ஏ-ஜி' எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை. 'இத்தோடு முடிந்தது' என்பதற்குச் செல் வைத்திருக்கும் மூன்று குறிகளில் அது ஒன்று.

செல்லுக்குள் நடப்பதை அருகில் போய்ப் பார்ப்போம். மரபணுவின் நகல் ஆர்என்ஏ இழையாக வெளியே வருகிறது. ரைபோசோம் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று எழுத்து, மூன்று எழுத்தாக நகர்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் உரிய அமினோ அமிலத்தைச் சுமந்து ஒரு சிறு மூலக்கூறு வந்து பொருந்துகிறது. சங்கிலி ஒரு கண்ணி நீள்கிறது. 71 வரை எல்லாம் ஒழுங்கு. 72-இல் பொருந்த யாரும் வருவதில்லை. அந்தக் குறிக்குப் பொருந்துவது, சங்கிலியை அறுத்து விடுவிக்கும் புரதம் மட்டுமே. ரைபோசோம் தன் வேலை முடிந்ததாகவே கொண்டு பிரிந்துபோகிறது. 423-இல் மிஞ்சுவது 71. அதிலும் வழிகாட்டி முனையான 22 கழிந்தால் 49. சவ்வைக் கடக்கும் ஏழு பகுதிகளில் ஒன்றுகூட இதில் சேரவில்லை. ஆகவே இந்தத் துண்டு சவ்வில் ஊன்றி நிற்கவே முடியாது. தவிர, அகாலத்தில் நிறுத்தக்குறி உள்ள ஆர்என்ஏ இழைகளைக் கண்டால் அழித்துவிடும் ஏற்பாடு ஒன்றும் நம் செல்களில் உண்டு. எனவே அந்தத் துண்டுப் புரதம்கூட அதிகம் தேறாது.

சில கட்டுரைகள் இதே இடத்தை 50 என்று எழுதும். வெட்டப்படும் 22-ஐக் கழித்துவிட்டு எண்ணுகிற கணக்கு அது, இடம் ஒன்றுதான்.

இந்தப் பிழை இரண்டு பிரதிகளிலும் இருந்தால்தான் வளர்ச்சி நிற்கும். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு இரண்டிரண்டாக இருக்கிறது. ஒன்று கெட்டு ஒன்று நன்றாக இருப்பவர் இயல்பான உயரத்தோடு, தன்னிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 1996 கடிதத்தின் இரண்டு பிள்ளைகளும் ஒரே குடும்பத்தின் உறவுமுறைப் பிள்ளைகள்; சொந்தத்துக்குள் திருமணம் செய்துவந்த இந்திய முஸ்லிம் குடும்பம் அது.

"'லிட்டில்' எலி"

தலைப்பின் உயிர் இங்கே இருக்கிறது என்பேன்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. எலி மரபியலின் தலைமையகம் என்றே சொல்லலாம். அங்கே வளர்ந்த ஓர் எலி இனத்தில் சில குட்டிகள், பிறந்தபோது மற்றவை போலவே இருந்து, பிறகு பின்தங்கின. வளர்ந்த பின்னும் அவற்றின் எடை இயல்பான எலியின் எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் இருந்தது. ஈவா ஐக்கர், வெஸ்லி பீமர் இருவரும் அவற்றைப் பல தலைமுறை வளர்த்து, இணைசேர்த்து, இந்தக் குறை ஒற்றை மரபணுவால் வருவது என்றும், அது எலியின் 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்றும் 1976-இல் எழுதினார்கள். 'லிட்டில்' என்ற பெயரிலேயே அதை விவரித்தார்கள். ஜிஹெச்ஆர்ஹெச் என்ற பெப்டைடு கையில் கிடைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. எந்த மரபணு என்று தெரியாது. என்ன செய்கிறது என்று தெரியாது. வளராத ஒரு குட்டியைக் கழித்துவிடாமல் தனியே எடுத்து வைத்தார்களே, அந்தப் பொறுமையிலிருந்துதான் மற்ற எல்லாம் வந்தது.

அடுத்த திருப்பம் 1986. பீமருடன் யான்-ஓலாஃப் யான்சன், தாமஸ் டவுன்ஸ், லாரன்ஸ் ஃப்ரோமன் ஆகியோர் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நான் வாசித்த உட்சுரப்பியல் சோதனைகளில் இவ்வளவு தெளிவானவை குறைவு. லிட்டில் எலிக்கு ஜிஹெச்ஆர்ஹெச்சை ஊசியாகப் போட்டார்கள். வளர்ச்சி ஹார்மோன் எழவில்லை. பிட்யூட்டரியை வெளியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்துப் பெப்டைடை ஊற்றினார்கள், அப்போதும் இல்லை. பிறகு பெப்டைடை விட்டுவிட்டு, செல்லுக்குள் நுழையக்கூடிய சைக்ளிக் ஏஎம்பி வகை ஒன்றை ஊற்றினார்கள். ஹார்மோன் வந்தது. செல்லின் உள்ளே சைக்ளிக் ஏஎம்பியை நேரடியாகப் பெருக்கும் ஃபோர்ஸ்கோலினை ஊற்றினார்கள். அதற்கும் வந்தது. (ஃபோர்ஸ்கோலின், சேலம் பக்கம் நம் விவசாயிகள் பயிரிடும் மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது.)

வாசலில் காலிங் பெல் அடிக்கவில்லை என்றால் எலக்ட்ரீசியன் என்ன செய்வார்? சுவிட்சைக் கழற்றி, பின்னால் உள்ள இரண்டு ஒயர்களை நேராகச் சேர்த்துப் பார்ப்பார். மணி அடித்தால் ஒயரிலும் மணியிலும் குறை இல்லை, சுவிட்சுதான் போயிருக்கிறது. 1986-இல் நடந்தது அதுவே. லிட்டில் எலியின் பிட்யூட்டரிக்கு ஹார்மோனைச் செய்யவும் தெரியும், வெளிவிடவும் தெரியும். குறை ஏற்பியில், அல்லது ஏற்பி பெப்டைடைப் பற்றிய உடனே நடக்க வேண்டிய முதல் படியில் இருக்கிறது. ஏற்பியின் மரபணுவை எவரும் பார்ப்பதற்கு ஆறு ஆண்டு முன்பே, குறை அங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார்கள்.

1992-இல் மரபணு கிடைத்ததும் மிச்சம் விரைவாக முடிந்தது. 1993-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே லிட்டில் எலியின் ஏற்பியைப் படித்தன. 60-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக கிளைசின் இருந்தது. பெப்டைடைப் பற்றும் வெளிப்பகுதியில் உள்ள இடம் அது.

இந்த எலிகளைப் பற்றி 2001-இல் வந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஜாக்சன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கெவின் ஃப்ளர்க்கி முதலானோர், கொழுப்பைக் கட்டுப்படுத்திய தீனியில் வளர்ந்த லிட்டில் எலிகள் மற்றவற்றைவிடக் கால்பங்கு அளவு கூடுதலாக வாழ்ந்ததைக் கண்டார்கள். வளர்ச்சியைக் குறைத்த அதே பிழை ஆயுளை நீட்டியிருந்தது. முதுமை பற்றிய ஆராய்ச்சியில் இன்றும் இந்த எலிக்கு இடம் இருப்பது அதனால்தான்.

"ஒத்த"

எலியின் 6-ஆம் குரோமோசோமில் லிட்டில் இருக்கும் பகுதியும் மனிதரின் 7-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் உள்ள பகுதியும் பரிணாமத்தில் ஒரே துண்டு. ஆகவே, குடும்பத்தில் வரும் வளர்ச்சி ஹார்மோன் குறைவுக்கு எங்கே தேடலாம் என்று, கடிதத்தை எழுதிய நியூயார்க் குழுவுக்கு எலியே வழிகாட்டியது.

எனினும் இரண்டு பிழைகளும் ஒரே பிழை இல்லை. எலியிடம் ஏற்பி முழுநீளத்தில் உண்டாகிறது, சவ்வுக்கும் போய்ச் சேருகிறது. ஆனால் பெப்டைடு அதில் ஒட்டுவதில்லை. பிள்ளைகளிடம் ஏற்பியே உருவாகவில்லை. முன்னதில் சுவிட்ச் பழுது. பின்னதில் சுவரில் சுவிட்சே கிடையாது. காரணத்தின் நுணுக்கம் வேறாக இருந்தும் விளைவு ஒன்றாகவே வந்திருக்கிறது என்பதால், 'ஒத்த' என்று எழுதியவர்கள் சரியாகவே எழுதினார்கள். இரண்டு வெவ்வேறு உடைப்புகள், இரண்டு வெவ்வேறு உயிரினங்கள், ஒரே முடிவு. ஏற்பியின் பங்குக்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டியதில்லை.

"வளர்ச்சிக் குறைவு"

பிறக்கும்போது இந்தப் பிள்ளைகள் ஏறக்குறைய இயல்பான நீளத்தில்தான் இருப்பார்கள். கருப்பையில் நடக்கும் வளர்ச்சி, குழந்தையின் சொந்த வளர்ச்சி ஹார்மோனைப் பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. பிறந்து சில மாதங்கள் ஆன பிறகே வித்தியாசம் தெரியத் தொடங்கும். "பிறந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்று தாய் சொல்வார். அவர் சொல்வது மருத்துவப்படி முற்றிலும் சரி. அதற்குப் பிறகு 'பால் சரியாகக் கொடுக்கவில்லை', 'சத்தாக எதையும் ஊட்டவில்லை' என்று அந்தத் தாயின் மேல் பழி விழும். இந்த ஏற்பி இல்லாத பிள்ளைக்கு எத்தனை முட்டையும் பாலும் கொடுத்தாலும் பிட்யூட்டரிக்கு உத்தரவு போய்ச் சேராது. இதை உறவினர்கள் முன்னால் மருத்துவர் உரக்கச் சொன்னாலே அந்த வீட்டில் பாதிச் சுமை இறங்கும்.

உடல் அமைப்பு அளவொத்திருக்கும். கை கால், உடல் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறுத்திருக்கும். குரல் மெல்லியதாக உயர்ந்து ஒலிக்கும். பருவமடைதல் தாமதமாகும், ஆனால் வரும். அறிவுத்திறனுக்குக் குறைவில்லை. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பள்ளிக்கூட மைதானம் இவர்களுக்கு இழைக்கும் கொடுமைக்கு உடலில் எந்த நியாயமும் கிடையாது.

"உண்டாக்குகிறது"

மரபியலில் இந்த வினைச்சொல்லை எழுதத் துணிச்சல் வேண்டும். நோயாளியிடம் ஒரு பிழையைக் காண்பது எளிது. அந்தப் பிழைதான் நோய்க்குக் காரணம் என்று காட்டுவது கடினம். இரண்டு பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு இப்படி எழுதியது அவசரமோ என்று அன்று ஒருவர் கேட்டிருந்தால் அதில் தவறில்லை. ஆனால் அவர்களிடம் வலுவான ஆதாரங்கள் இருந்தன. பிழை இருந்த இடம் ஏற்பியை அடியோடு இல்லாமலாக்கும் இடம். ஜிஹெச்ஆர்ஹெச்சைத் திரும்பத் திரும்பக் கொடுத்தும் பிள்ளைகளின் பிட்யூட்டரி அசையவில்லை. வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகக் கொடுத்தபோது நன்றாக வளர்ந்தார்கள். அதாவது உத்தரவு சேரும் இடத்தில் மட்டுமே தடை. அதற்கு அப்பால் எல்லாம் ஆரோக்கியம்.

மிஞ்சியிருந்த ஐயத்தைச் சில ஆண்டுகளில் இரண்டு ஊர்கள் தீர்த்துவைத்தன. முதலாவது பாகிஸ்தானின் சிந்து மாகாணம். ஹீராலால் மகேஸ்வரி, கெர்ஹார்ட் பாமன் ஆகியோர் அங்கே இரண்டு கிராமங்களில், சொந்தத்துக்குள் மணந்துவந்த ஒரு பெருங்குடும்பத்தில், மிகக் குட்டையான 18 பேரைக் கண்டு 1998-இல் விரிவாக எழுதினார்கள். எல்லோரிடமும் அதே இடத்தில் அதே 'டி-ஏ-ஜி'. இரு பிரதியும் கெட்டவர் எல்லோரும் குட்டை. ஒரு பிரதி மட்டும் கெட்டவருக்கு உயரக் குறைவு இல்லை, அல்லது மிகச் சொற்பம். ஒருவர்கூட விலக்கில்லை. குறைபாடு கடைசித் தலைமுறையில் மட்டுமே தெரிந்தது. இருந்தவர்களில் மூத்தவருக்கு வயது 28. முந்தைய தலைமுறைகளில் ஒற்றைப் பிரதியாக மறைந்து வந்தது, இந்தத் தலைமுறையில்தான் இரட்டையாகச் சேர்ந்திருக்கிறது. இந்தக் குறையுள்ள ஆணும் பெண்ணும் மணந்து பிள்ளை பெற்றதும் அங்கே பதிவாகியது. ஆகவே கருத்தரிக்க இந்த ஏற்பி தேவையில்லை என்பதும் உறுதியானது.

இரண்டாவது ஊர் பிரேசிலின் செர்ஜிபே மாநிலத்தில் உள்ள இட்டபையனின்யா. அங்கே ஒரே வம்சத்தில், பல தலைமுறைகளில், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் குட்டையாக இருந்தார்கள். பால்டிமோரைச் சேர்ந்த ராபர்ட்டோ சல்வத்தோரியும் செர்ஜிபே பல்கலைக்கழகத்தின் மானுவல் அகியார் ஒலிவெய்ராவும் 1999-இல் அதற்குக் காரணம் காட்டினார்கள். அதே ஏற்பி, ஆனால் பிழை வேறிடத்தில். மரபணுவின் துண்டுகளை வெட்டி ஒட்டும் எல்லையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பெரியவர்களின் உயரம் 105 முதல் 135 சென்டிமீட்டர் வரை. பெரும்பாலோர் சிகிச்சையின்றியே வளர்ந்தவர்கள் என்பதால், ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க இந்த ஏற்பி இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் இவர்களே முதன்மைச் சான்று. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது, கொலஸ்டிரால் கூடுகிறது; இருந்தும் ரத்தக் குழாய் அடைப்பு எதிர்பார்த்தபடி கூடவில்லை, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. எலியிடம் கண்ட கூடுதல் ஆயுள் இவர்களிடம் காணப்படவில்லை. மற்றவர்களைப் போல வாழ்கிறார்கள்.

தலைப்பு இங்கே முடிகிறது. ஆனால் அதில் அடங்காத ஒன்று நமக்கு நெருக்கமானது.

1998-இல் பிரான்ஸில் இரேன் நெட்ஷின், செர்ஜ் அம்செலம் முதலானோர் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து எழுதினார்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பம் அது. பிழை அதே 72-ஆம் இடம், அதே எழுத்து. ஸ்கேனில் பிட்யூட்டரி சிறுத்திருந்ததும் தெரிந்தது. இந்தியாவில் ஒரு முஸ்லிம் குடும்பம், சிந்து மாகாணத்துக் கிராமங்கள், ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பம் என்று மூன்றிலும் அதே ஓர் எழுத்து தனித்தனியே மாறியதா, அல்லது ஒரே இடத்திலிருந்து வந்ததா? மூன்று குழுக்களும் கைகோத்து, அந்தப் பிழைக்கு இருபுறமும் குரோமோசோமில் உள்ள அடையாளங்களை ஒப்பிட்டு 2003-இல் பதில் எழுதின. பிழையோடு அதன் அக்கம்பக்கமும் சேர்ந்தே ஒத்துப்போனது. பொது முன்னோர் ஒருவரிடமிருந்து இறங்கி வந்தது என்ற முடிவையே அது காட்டியது. யார் அவர், எந்த மொழி பேசினார், எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று எந்தக் குரோமோசோமும் சொல்லாது. இன்றைய எல்லைகளுக்கும் பிரிவினைகளுக்கும் வெகு காலம் முன்னால், அவருடைய பிள்ளைகளில் சிலர் வடக்கே போனார்கள், சிலர் தெற்கே போனார்கள், சிலர் கடல் கடந்தார்கள் என்பதை மட்டும் அது வைத்திருக்கிறது.

பிறகு மேற்கு இந்தியாவில் குடும்பவழி வளர்ச்சி ஹார்மோன் குறைவு உள்ள பிள்ளைகளை மும்பை மருத்துவர்கள் ஆராய்ந்தபோதும் இதே பிழை மீண்டும் மீண்டும் வந்தது. அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டுவதும், அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும் வழக்கமாக இருந்த தமிழ்ச் சமூகத்துக்கு இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. ஒருவரிடம் கெட்ட பிரதி ஒன்று இருந்தால், அவருடைய அத்தை மகளிடமோ மாமன் மகளிடமோ அதே பிரதி இருப்பதற்கு எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகளிடம் நான்கில் ஒரு பங்கு. சொந்தத்தில் கட்டியவர்களைக் குற்றவாளிகளாக்க இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அப்படிக் கட்டிய வீட்டில் ஒரு பிள்ளை வளராமல் இருந்தால், 'எங்க பரம்பரையே குட்டைதான்' என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்கு வயதுக்குப் பிறகு, பருவமடைவதற்கு முன், ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால் உட்சுரப்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள்; ஐஜிஎஃப்-1 அளவைப் பார்ப்பார்கள்; வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிப் பார்க்கும் சோதனை செய்வார்கள். 1985 வரை இதற்கான மருந்தை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் வழியே மூளையை அழிக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் சிலருக்குத் தொற்றியதால் அந்த மருந்து நின்றது. அதே ஆண்டில் மரபணுப் பொறியியலில் செய்த வளர்ச்சி ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று தோலுக்கு அடியில் தினம் ஓர் ஊசி, ஆண்டுக்கணக்கில். வாரம் ஒருமுறை போடும் வகைகளும் வந்திருக்கின்றன. செலவு கனமானது. எலும்பு நுனியில் உள்ள குருத்தெலும்புப் படலம் முற்றி மூடுவதற்குள் தொடங்கினால்தான் அது உயரமாகும். உறவுத் திருமணமும், வீட்டில் இன்னொரு குட்டையான பிள்ளையும், ஸ்கேனில் சிறுத்த பிட்யூட்டரியும் சேர்ந்து இருந்தால், மரபணு முழுவதையும் படிப்பதற்கு முன் இந்த ஏற்பியின் 72-ஆம் இடத்தை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்; அதற்கு வேண்டியது சில மில்லிலிட்டர் ரத்தம்தான்.